சுடலை ஞானமும் சுடலை வேலியும்

"சாவின் முன் எல்லோரும் சமம்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி அடிபடும் வாசகம். செத்தவீட்டு முற்றத்தில், பந்தலின் கீழ் அமர்ந்து வெற்றிலை போடும் பெரியவர்கள் இதனைப் பெருமூச்சோடு கூறுவர். இரங்கலுரை ஆற்றுவோர் அலங்காரத் தமிழிற் கூறுவர். ஆண்டிக்கும் அரசனுக்கும் முடிவு ஒரு பிடி சாம்பலே என்று சமயச் சொற்பொழிவாளர் முத்தாய்ப்பு வைப்பர். இவ்வாறு பிணத்தின் அருகே பிறந்து, தோய்ந்து வீடு திரும்புமுன் மறைந்துவிடும் மெய்யறிவுக்குச் சுடலை ஞானம் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். அதன் ஆயுள் குறுகியது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாம் கேட்பது வேறு. அந்தச் சமத்துவம் சுடலையிலாவது ஒருநாள் இருந்ததுண்டா?

இல்லை என்பதே வரலாறு தரும் விடை. 1944ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில், தம்மவர் ஒருவரின் உடலை எரிக்கச் சென்ற ஒடுக்கப்பட்ட மக்கள் எதிர்க்கப்பட்டனர். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. முதலி சின்னத்தம்பி என்பவர் உயிரிழந்தார். ஒரு பிணத்தை எரிக்கும் உரிமைக்காக இன்னொரு பிணம் விழுந்தது. அதற்கு 73 ஆண்டுகளின் பின், 2017இல், புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள் தம் குடிமனைகளின் நடுவே அமைந்த கிந்துசிட்டி மயானத்திற் பிணம் எரிப்பதை நிறுத்தக் கோரித் தொடர் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது. முன்னையதில், ஒடுக்கப்பட்டோரின் பிணத்துக்குச் சுடலையில் இடமில்லை. பின்னையதில், பிறர் பிணத்தின் புகைக்கு ஒடுக்கப்பட்டோரின் அடுக்களையில் இடமுண்டு. சுடலை ஞானத்தின் ஆயுள் ஒரு பிற்பகல். சுடலை வேலியின் ஆயுளோ தலைமுறைகள்.

மரணத்தைச் சுற்றி மனிதர் வளர்த்த நம்பிக்கைகளையும் அச்சங்களையும் ஆராயப் புகுவோர் வழக்கமாகப் பேயிலே தொடங்கிப் பேயிலே முடிப்பர். நாம் வேலியிலே தொடங்கியமைக்குக் காரணம் உண்டு. மரணபயம் இயற்கையானது. நேற்றுவரை பேசிய வாய் இன்று பேசவில்லை; அணைத்த கை விறைத்துக் கிடக்கிறது. இதனைக் கண்டு நடுங்காதவர் மனிதர் அல்லர். அந்த நடுக்கத்திலிருந்து ஆவியும் மறுவுலகும் திதியும் தருப்பணமும் தோன்றின என்றால் அதில் வியப்பில்லை. ஆனால், அச்சம் இயற்கையானது என்பதனால் அச்சத்தின் மேல் எழுப்பப்பட்ட கட்டடமும் இயற்கையானது ஆகிவிடாது. கட்டடத்துக்கு உடைமைக்காரர் உண்டு. வாடகை வாங்குவோர் உண்டு. படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரும் உண்டு. இவர்களைக் காணாமல் பேயை மட்டும் ஓட்டப் புறப்படுவது நிழலோடு சிலம்பமாடுவதாகும்.

கூகை அலறினால் சாவு வரும். நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான். சனிப்பிணம் தனிப்போகாது, ஆகவே ஒரு கோழிக்குஞ்சையோ தேங்காயையோ துணைக்கு அனுப்பவேண்டும். பஞ்சமியிற் செத்தவரைப் படலையால் கொண்டுபோனால் வீட்டிலே மேலும் சாவு விழும். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்த்தல் ஆகாது. இவை எல்லாம் நம் ஊர்களில் இன்றும் கேட்கப்படுபவை. இவற்றிற் பல, ஓரளவு படிப்போடும் மின்விளக்கோடும் தாமாகவே தேய்ந்துவருகின்றன. புளியமரத்துப் பேய் வீதிவிளக்குக்கு அஞ்சி ஓடிவிட்டது எனலாம். ஆனால் வீதிவிளக்குக்கு அஞ்சாத நம்பிக்கை ஒன்று உண்டு. அதன் பெயர் துடக்கு.

துடக்குக்கு இன்று புதிய வழக்கறிஞர்கள் தோன்றியுள்ளனர். விஞ்ஞானம் படித்த இவர்கள், "நம் முன்னோர் மூடர் அல்லர், பிணத்திலிருந்து கிருமி பரவும் என்பதை அறிந்தே துடக்கை வகுத்தனர்" என்று பத்திரிகைகளில் எழுதுகின்றனர், கைத்தொலைபேசிகளிலும் பரப்புகின்றனர். பிணத்தைத் தொட்டபின் நீராடுவதும் வீட்டைக் கழுவுவதும் நல்ல வழக்கங்களே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனுதர்ம சாத்திரம் தீட்டுக் காலத்தை எவ்வாறு வகுக்கின்றது என்பதை இவ்விஞ்ஞானிகள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. பிராமணருக்கு 10 நாள். சத்திரியருக்கு 12 நாள். வைசியருக்கு 15 நாள். சூத்திரருக்கு ஒரு மாதம். நாம் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பதும் இந்தக் கணக்கின் நிழலே. வருணம் பார்த்து வாழ்நாளைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் கிருமி எது? எந்த நுணுக்குக்காட்டியில் அதனைக் கண்டனர்? நோய் தடுக்கும் ஏற்பாடு என்றால் நாட்கணக்கு நோயைப் பொறுத்து மாறவேண்டும். இங்கே அது பிறப்பைப் பொறுத்து மாறுகின்றது. ஆகவே இது சுகாதார விதியன்று. சமுதாயப் படிவரிசையின் நாட்காட்டி.

இன்னும் உற்றுநோக்குவோம். மரணம் வெறும் தத்துவம் அன்று. அது வேலையும் ஆகும். பறை முழக்கவேண்டும், வெள்ளை கட்டவேண்டும், மயிர் களையவேண்டும், விறகு அடுக்கி, உடல் எரிந்து முடியும்வரை காத்திருக்கவேண்டும். இவ்வேலைகளைச் செய்தோர் யார்? சாவுக்கு அஞ்சி, பிணத்துக்கு அஞ்சி, அவ்வச்சத்தைத் தம் கையாலே தீண்ட விரும்பாத உயர்த்தப்பட்டோர், அதனைக் குடிமைத் தொழிலாகப் பிறர் தலையிற் சுமத்தினர். சுமந்தவருக்குக் கிடைத்த பரிசு யாது? செத்தவீட்டாருக்குத் துடக்கு 31 நாள். அவர்களுக்காகப் பறை முழக்கியவருக்கோ அது பரம்பரை. ஒருவர் சாவின் அழுக்கை மற்றொருவர் சுமக்க, சுமந்தவரே அழுக்கானவர் என்று தீர்ப்பளித்த விந்தையை வேறு எந்தப் பேய்க்கதையில் நாம் படித்திருக்கிறோம்? சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடபுலத்து ஒடுக்கப்பட்ட மக்கள், "இனிப் பிணத்துக்குப் பறை அடியோம்" என்று மறுத்தபோது எழுந்த ஆத்திரம், இறந்தவரின் ஆன்மா கரைசேராதே என்ற கவலையினால் எழுந்தது அன்று. உயிரோடிருப்பவரின் அதிகாரம் ஆட்டங்காண்கிறதே என்பதனால் எழுந்தது.

இந்த நீதியே வீட்டுக்குள்ளும் செங்கோல் செலுத்துகின்றது. மனைவியை இழந்தவருக்குத் துடக்கு 31 நாள். 32ஆம் நாள் அவர் கல்யாணவீட்டில் முன்வரிசையில் இருக்கலாம். கணவனை இழந்தவளுக்கோ துடக்கு வாழ்நாள் முழுவதும். பொட்டு அழிகிறது, பூ மறுக்கப்படுகிறது, பெற்ற மகளின் மணவறைக்கு அருகிலும் அவள் ஒதுங்கி நிற்கவேண்டும். அவள் முகத்தில் விழித்தால் காரியம் கெடுமாம். போர் பல்லாயிரக்கணக்கான பெண்களின் கணவர்களைக் கொன்றது. அப்பெண்கள் விறகு பொறுக்கி, கூலிக்குப் போய், கடலுக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கின்றனர். ஊரின் சோற்றுப் பானையைத் தாங்குவோரையே அபசகுனம் என்று அழைக்கும் ஊர், அபசகுனம் என்ற சொல்லுக்குப் பொருளைத் தன் முகத்திலேதான் தேடவேண்டும்.

துடக்குக்கு அடுத்தது செலவு. எட்டு, அந்தியேட்டி, மாசியம், ஆட்டைத் திவசம் என்று நாட்கள் வரிசையிட்டு நிற்கின்றன. பெயர்கள் பழையவை, செலவுகள் புதியவை. வீதியெங்கும் இறந்தவரின் உருவப்படம் தாங்கிய பதாகைகள். கடல் கடந்த உறவினருக்கென நேரலையில் ஒளிபரப்பாகும் இறுதிக் கிரியை. வழுவழுப்பான தாளில் அச்சிட்ட நினைவு மலர். வசதியுள்ளவர் செய்கிறார், உமக்கென்ன என்பர் சிலர். வசதியுள்ளவர் செய்வதே ஊரின் அளவுகோலாகின்றது என்பதுதான் நமக்குள்ள குறை. தோட்டக் கூலியின் மகனும் அந்த அளவுகோலுக்கு எட்டவேண்டித் தாயின் காதுத்தோட்டை அடகு வைக்கின்றான். "அப்பாவின் ஆன்மா அலையும்" என்பது அவனுக்குச் சொல்லப்படும் காரணம். "ஊர் என்ன சொல்லும்" என்பது அவன் அறிந்த காரணம். இறந்தவர் மேலுள்ள அச்சம் என்று நாம் கருதுவதிற் பெரும்பகுதி, உயிரோடிருப்போர் மேலுள்ள அச்சமே.

"இது எம் பண்பாடு, தொன்றுதொட்டு வந்தது, இதிலே கைவைக்காதீர்" என்ற குரல் இவ்விடத்தில் எழும். தொன்மையைக் காட்டி நம்மை அச்சுறுத்தவேண்டியதில்லை. தொன்மையை நாமும் படித்திருக்கிறோம். ஆனைக்கோட்டையில் 1980இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்கற்கால மனிதர் எரிக்கப்படவில்லை, புதைக்கப்பட்டனர். பொம்பரிப்பில் வாழ்ந்தோர் தம் இறந்தோரைத் தாழிகளில் இட்டனர். மணிமேகலையிற் சக்கரவாளக் கோட்டத்தை விவரிக்கும் சாத்தனார், புகார் நகரத்து ஈமப்புறங்காட்டில் எரிப்போரும், உடலை வெறுமனே இடுவோரும், குழி தோண்டிப் புதைப்போரும், தாழ்ந்த அறையில் அடைப்போரும், தாழியாற் கவிப்போரும் ஒருங்கே வந்து போவதைக் காட்டுகின்றார். ஐவகை வழக்கத்துக்கு ஒரு புறங்காட்டில் இடம் இருந்தது என்று பாடிய மொழியிலே, ஒருவகை வழக்கத்தவருக்கு ஐந்து சுடலை வகுத்தோர் பண்பாடு பேசுகின்றனர்.

அந்தக் காதையிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனியே அச்சுடுகாட்டுப் பக்கம் சென்று, பேயொன்றின் கூத்தைக் கண்டு அஞ்சி, ஓடிவந்து தாயின் முன் உயிர்விடுகின்றான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகின்றாள். பேய் உயிரை உண்பதில்லை என்று அத்தெய்வமே அவளுக்கு விடையிறுக்கின்றது. போன உயிரை மீட்டுத்தர எந்தத் தெய்வத்தாலும் ஆகாது என்பதையும், தேவர்கள் எல்லோரையும் அழைத்து நிறுத்திக் காட்டுகின்றது. சாத்தனார் பேயையும் நம்பியவர், ஊழையும் நம்பியவர். அவருடைய ஊழை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் சிறுவனைக் கொன்றது பேயன்று என்று தெய்வத்தின் வாயாற் சொல்விக்கும் துணிவு அவருக்கு இருந்தது. நிலம், நீர் முதலிய பூதங்களின் சேர்க்கையால் உணர்வு தோன்றி, அவை பிரிகையில் அழியும் என்று கூறும் பூதவாதியின் கொள்கையையும் அந்நூல் மறைக்காமற் பதிவு செய்கின்றது. மறுவுலகை மறுக்கும் சிந்தனை மேற்றிசையிலிருந்து கப்பலில் வந்தது என்போர் இதனையும் கொஞ்சம் படிப்பது நன்று.

இதுவரை ஊரைப் பேசினோம். இனி அரசைப் பேசவேண்டும். மரண பயத்தை ஆயுதமாக ஏந்துவதில் ஊர்ப்பெரியவர்கள் அரசின் முன் வெறும் கற்றுக்குட்டிகள். கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டு, அந்நோயால் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. தொற்றுநோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்பது வெறும் கட்டுக்கதை என்றும் அது தெளிவுபடுத்தியது. ஆனால் ஏப்ரல் 11ஆந் திகதி இலங்கை அரசு வர்த்தமானி மூலம் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்று அதற்கு நியாயம் கூறப்பட்டது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், இந்தத் தீவின் நிலத்தடி நீருக்கு மட்டும் புதிய இரசாயனம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் இனவாதம்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டி, தொழுது, மண்ணில் அடக்குவதைக் கடமையாகக் கொண்ட ஒரு சமூகத்தின் இறந்தோர், உறவினரின் கண்ணீரையும் சம்மதமின்மையையும் பொருட்படுத்தாமல் எரிக்கப்பட்டனர். டிசெம்பர் முதலாந் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அந்த மாதத்திலேயே, பிறந்து 20 நாளே ஆன சிசு ஒன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பொரளையில் எரியூட்டப்பட்டது. மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெண்துணிகளைக் கட்டினர். அவை இரவோடிரவாக அகற்றப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியபோதும், ஓர் ஊரில் அடக்கம் செய்ய அனுமதியில்லை. முதலில் இரணைதீவைக் காட்டினர். போரினால் இடம்பெயர்ந்து, நீண்ட போராட்டத்தின் பின் 2018இல் மீண்ட மீனவ மக்களின் தீவு அது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிணத்தை இன்னோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தின் முற்றத்தில் வைத்து, இருவரையும் மோதவிடும் தந்திரம் அதில் இருந்ததை நாம் கவனிக்கத் தவறலாகாது. மக்கள் எதிர்த்தபின், மார்ச் 5ஆந் திகதி முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடைபெற்றது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. கட்டாயமாக எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று கூறப்பட்டது. எரித்த சாம்பலை மன்னிப்பு மண்ணாக்கித் தராது.

அக்காலத்தில் துணிந்து குரல் கொடுத்த தமிழரும் சிங்களவரும் இருந்தனர். அவர்களை நாம் போற்றுகிறோம். ஆனால் "எரித்தால் என்ன, நாங்களும் எரிக்கிறவர்கள்தானே" என்று உதட்டைப் பிதுக்கிய தமிழரும் நம்மிடையே இருந்தனர். சொந்தச் சுடலையில் வேலி கட்டிப் பழகிய மனத்துக்கு, பிறர் மையவாடியில் கட்டப்படும் வேலி கண்ணில் தெரிவதில்லை.

அதே அரசு, இன்னொரு மக்கள் கூட்டத்துக்குப் பிணத்தையே மறுத்திருக்கின்றது. 2009 மே மாதத்தில் முடிந்த போரின் இறுதியிலும் அதன் முன்னும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சி வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தாய்மாருக்கு எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. மகனுக்குத் திவசம் செய்தால் அவனைத் தாமே கொன்றதாகும் என்று அஞ்சுகின்றனர். செய்யாவிட்டால், ஒருவேளை அவன் இறந்திருப்பின், நீரின்றி அலைவானே என்றும் அஞ்சுகின்றனர். இந்த இரண்டு அச்சங்களின் இடைவெளியிலேதான் சாத்திரிமார் கடை விரிக்கின்றனர். ஒருவர் கிழக்கே இருக்கிறான் என்பார், இன்னொருவர் இருட்டறையில் இருக்கிறான், தைக்குப் பின் வருவான் என்பார், தட்சணை கைமாறும். சாத்திரிமாரை நாம் கண்டிக்கிறோம். ஆனால் அவர்களுக்கு வாடிக்கையாளரை அனுப்பி வைப்பவர் யார்? உண்மையைச் சொல்ல மறுக்கும் அரசே. விடை தரவேண்டியவர் வாய் மூடியிருக்க, சோழி பேசுகின்றது.

இங்கேதான் நம் முகாமிலுள்ள சிலரோடு நாம் வழக்காடவேண்டியுள்ளது. மேடையேறி, பேய் இல்லை, ஆவி இல்லை என்று கைதட்டல் வாங்கி, வழியில் ஒப்பாரி வைக்கும் கிழவியை எள்ளிச் செல்வதே பகுத்தறிவு என்று இவர்கள் கருதுகின்றனர். மார்க்ஸ் 1844இல் சமயம்பற்றி எழுதியவற்றில் அபின் என்ற ஒரு சொல்லை மட்டும் இவர்கள் மனனம் செய்துகொண்டனர்; துன்புறும் மக்களின் பெருமூச்சுப்பற்றி அவ்விடத்திலேயே அவர் கூறியதை மறந்தனர். ஒப்பாரி மூடநம்பிக்கை அன்று. எழுத்தறியாத பெண்கள் தம் துயரையும், சில வேளைகளில் உறவினர் மீதான தம் குற்றச்சாட்டையும் ஊரறியச் சொல்லக் கிடைத்த ஒரே மேடை அது. இறந்தவரை நினைந்து கூடுவதும் அழுவதும் உண்பதும் மனிதத் தேவைகள். அவற்றைப் பறிப்பது நம் நோக்கமன்று. அத்தேவைகளின்மீது படிந்துள்ள சாதியை, ஆணாதிக்கத்தை, கடனை, கொடுங்கோலைக் களைவதே நம் நோக்கம். இன்னொரு சாரார் இவர்களினும் மோசமானவர். வெளியிலே பொருள்முதல்வாதம் பேசுவர்; தந்தை இறந்ததும், "அம்மா மனம் நோவார்" என்று சொல்லி, ஊரிலேயே பெரிய அந்தியேட்டியை நடத்துவர். அம்மாவின் மனம் என்பது பல முற்போக்காளரின் பதுங்குகுழி.

வேறு வழி காட்டியவர் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. கேரளத்திற் பிறந்து 1928இல் யாழ்ப்பாணம் வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராய் இருந்த ஆபிரகாம் கோவூர், பேய், பில்லி, சூனியம் என்று சொல்லப்பட்டவற்றை ஒவ்வொன்றாக நேரிற் சென்று ஆராய்ந்தார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்துகாட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவினார். எவரும் அதனை வென்றெடுக்கவில்லை. 1978இல் இறந்தபோது தம் உடலை மருத்துவக் கல்விக்கே அளித்தார். ஓர் ஆசிரியரின் கடைசிப் பாடம் அது. இன்னொரு வழி வைத்திய கலாநிதி ஹட்சன் சில்வாவினுடையது. கண்ணைக் கொடுத்தால் மறுபிறப்பிற் குருடாய்ப் பிறப்போம் என்ற அச்சம் நிலவக்கூடிய சமுதாயத்தில், 1961இல் அவர் கண்தானச் சங்கத்தை நிறுவினார். அவர் மக்களின் சமயத்தை ஏளனம் செய்யவில்லை. கண்ணைத் தானமாய் ஈந்த போதிசத்துவர் கதையை அம்மக்களுக்கே நினைவூட்டினார். 1964 முதல் இச்சிறு தீவு பிற நாடுகளுக்கும் கண் கொடுத்துவருகின்றது. அச்சத்தின் இடத்தில் மனிதருக்குப் பயன்படும் ஒரு செயலை வைத்தபோது அச்சம் தானே இடம்விட்டது.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! நாம் செய்யவேண்டியவை மலையைப் பெயர்ப்பன அல்ல. உங்கள் ஊரில் எத்தனை சுடலைகள் உள்ளன, ஏன் அத்தனை என்று வகுப்பறையிற் கேளுங்கள். அந்தக் கேள்வியே ஒரு சமூகக்கல்விப் பாடம். உள்ளூராட்சி மன்றத்தின் பராமரிப்பில் உள்ள மயானம் எதுவாயினும் அது எல்லோர்க்கும் பொது என்று எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பின் நடுவே பிணம் எரிவதை எதிர்த்து மக்கள் அமரும் பந்தலில் நீங்களும் சென்று அமருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் குத்துவிளக்கின் முதல் திரியைக் கணவனை இழந்த உங்கள் தமக்கையின் கையாலே ஏற்றுவியுங்கள். உங்கள் சாவுக்கு எவ்வளவு செலவு செய்யவேண்டும், எவ்வளவு செய்யக்கூடாது என்பதை உயிரோடிருக்கும்போதே எழுதி வையுங்கள். கண்ணையும் உடலையும் யாருக்கு என்பதையும் அதிலே சேருங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்க்குச் சாத்திரம் பொய் என்று போதிக்குமுன், அவள் ஏந்திய பதாகையின் மறுமுனையைப் பிடியுங்கள்.

மரணத்தை எவரும் ஒழிக்க முடியாது. அதன்மேலுள்ள அச்சமும் மனிதகுலம் உள்ளவரை ஏதோவோர் அளவில் இருக்கும். ஆனால் அந்த அச்சத்தை முதலாக்கி வட்டி வாங்கும் ஏற்பாடு மனிதரால் ஆக்கப்பட்டது. மனிதரால் ஒழிக்கப்படக் கூடியது. சாவின் முன் எல்லோரும் சமம் என்ற வாசகம் இன்றுவரை பொய். அதனை மெய்யாக்கும் வேலை இறந்தவர்களுடையது அன்று. வாழ்வில் எல்லோரும் சமம் என்று நிலைநாட்டவேண்டிய நம்முடையது.